கண்ணில் படாத தொட்டி

தொட்டிக்காரரின் தொட்டிகளை யாராவது பாராட்டிவிட்டால் அவருடைய அண்ணனுக்குப் பொறுக்காது. பொறாமை என்று நினைத்துவிட வேண்டாம். மரங்களைக் குட்டையாகவே தொட்டியில் வளர்க்கிற போன்சாய்க்காரர் அண்ணன்; அவருடைய தொழில் நியாயம் அப்படி. "தொட்டி கண்ணுல படக்கூடாதுடா. மரம்தான் படணும். தொட்டி அழகா இருக்குன்னு ஒருத்தன் சொன்னா, அங்க மரம்னு ஒண்ணு இல்லைன்னு அர்த்தம்" என்பார். சொல்லோடு விடுகிற ஆளும் இல்லை. ஒருமுறை வாடிக்கைக்காரர் ஒருவர் சின்ன மேப்பிள் மரம் ஒன்றின் முன்னால் நின்று, "அடேயப்பா, இந்த நீலம் அப்படியே கண்ணைப் பறிக்குதே!" என்று வாயைப் பிளந்தார். அவர் கேட்டைத் தாண்டுகிறவரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்த அண்ணன், அன்று சாயங்காலமே மரத்தைக் கிளப்பி வேறொரு மங்கலான தொட்டிக்கு மாற்றிவிட்டார். அந்த நீலம் சரியாக வருவதற்குத் தொட்டிக்காரர் எத்தனை தடவை சூளை வைத்தார் என்பது சூளைக்குத்தான் தெரியும்.

ஆகவே அந்த வீட்டில் பாராட்டு என்றால் மௌனம். புதுத் தொட்டியில் மரத்தை வைத்துவிட்டு அண்ணன் கொஞ்ச நேரம் பார்ப்பார். ஒன்றும் சொல்லாமல் கையைக் கழுவப் போய்விட்டார் என்றால் தொட்டி பாஸ். தொட்டிக்காரரும் அந்த மௌனத்தைச் சம்பளம் மாதிரி வாங்கிக்கொண்டு கொட்டகைக்குத் திரும்பிவிடுவார். வேறு யாராவது இரண்டு நல்ல வார்த்தை சொன்னால் அவருக்குக் கூச்சமாக இருக்கும், கொஞ்சம் பயமாகவும் இருக்கும்.

முன்வாசலில் மரங்கள், பின்பக்கக் கொட்டகையில் சூளை, நடுவில் வீடு. ஊரில் ஒருவர் மரக்காரர், இன்னொருவர் தொட்டிக்காரர். பெற்றவர்கள் வைத்த பெயர் தபால்காரருக்கு மட்டும்தான் ஞாபகம் இருந்தது. "ஒருத்தர் மரத்தைக் கட்டிக்கிட்டார், இன்னொருத்தர் மண்ணைக் கட்டிக்கிட்டார். நடுவுல நான் யாரைக் கட்டிக்கிட்டேன்னு எனக்கே தெரியல" என்பது அண்ணியின் நிரந்தரப் புலம்பல். புலம்பிக்கொண்டே இருவருக்கும் டீ கொண்டுவந்து வைப்பாள். இருவரும் ஆறவிட்டுத்தான் குடிப்பார்கள். அதற்கும் தனியாக ஒரு பாட்டு விழும்.

மண் வேலையில் ஒரு தொல்லை உண்டு. ஈரத்தில் செய்த அளவு கடைசிவரை நிற்காது. காயும்போது கொஞ்சம் சுருங்கும், சூளையில் வெந்து இன்னும் கொஞ்சம் சுருங்கும். வேண்டியதைவிடப் பெரிதாகச் செய்தால்தான் வேண்டியது கையில் கிடைக்கும். ஒவ்வொரு தடவையும் காகிதத்தில் கணக்குப் போட்டு மண்டையை உடைத்துக்கொள்ளாமல் இருக்க, தொட்டிக்காரர் ஒரு மரச்சட்டத்தில் தனியாக ஓர் அளவுகோல் செய்து வைத்திருந்தார். அதில் ஒவ்வோர் அங்குலமும் அங்குலத்தைவிட ஒரு நூல், அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, நீளம். மண் எவ்வளவு சுருங்குமோ அவ்வளவு அதிகம். அந்தக் கோலில் பதினாறு பார்த்து ஈரமண்ணை வெட்டினால், சூளையிலிருந்து வெளியே வரும்போது நிஜமான பதினாறு இருக்கும். அண்ணன் அதற்குப் பொய்க்கோல் என்று பெயர் வைத்தார்.

அளப்பது எப்போதும் அண்ணன்தான். சட்டைப்பையில் கிடக்கும் இரும்பு டேப்பை இழுத்து வேரின் நீள அகலம் பார்த்து, முன்வாசலிலிருந்தே குரல் கொடுப்பார். கொட்டகையில் இருக்கிற தம்பி அந்த எண்ணைப் பொய்க்கோலில் தேடி மண்ணில் கோடு போடுவார். டேப் பின்பக்கம் வந்ததில்லை, பொய்க்கோல் முன்பக்கம் போனதில்லை. இப்படி ஓர் ஏற்பாடு இருக்கிறது என்று அவர்கள் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை. அண்ணன் தம்பிக்குள் இதையெல்லாம் யார் பேசுவார்கள்?

அண்ணன் ஒரு காலை பல் துலக்கிக்கொண்டிருந்தபோது சரிந்து விழுந்தார். பக்கவாதம். வலது கையும் காலும் போயின, வாய் கோணிக்கொண்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் தொண்டையிலிருந்து ஏதோ ஒரு சத்தத்தை எடுக்கப் பாடுபட்டார். தொட்டிக்காரர் குனிந்து, "மரத்தையெல்லாம் நான் பார்த்துக்கிறேன் அண்ணே. அளவும் நானே எடுத்துக்கிறேன். நீங்க எதுக்கும் கவலைப்படாதீங்க" என்றார். அளவைப் பற்றி அந்த நேரத்தில் யாரும் கேட்கவில்லை. அது தானாகவே ஏன் வாயில் வந்தது என்று பிற்பாடு அவருக்கே விளங்கவில்லை.

வீட்டுக்கு வந்தபின் கால் கொஞ்சம் தேறியது. பிடித்துக்கொண்டு நடந்தார். கை தேறவில்லை. ஒரு பிசியோதெரபிப் பெண் வாரத்தில் பாதி நாள் வந்தாள். ஒரு மஞ்சள் ரப்பர் பந்தை அவர் உள்ளங்கையில் வைத்து, "அமுக்குங்க சார், அமுக்குங்க" என்று கெஞ்சுவாள். அண்ணி அவளுக்குப் பந்துப்பொண்ணு என்று பட்டம் கட்டியிருந்தாள். அண்ணன் பந்தை அமுக்கவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்தபடி இருப்பார், பந்து மடியில் உருண்டு தரையில் விழும். ஒருநாள் பந்துப்பெண் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே தொட்டிக்காரரிடம் மெதுவாகச் சொன்னாள்: "கை வரும் சார், வராம இல்ல. ஆனா அவரு முயற்சி பண்ணணும். இந்தச் சில மாசம் விட்டா விரல் இப்படியே மடங்கி இறுகிடும். அப்புறம் யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது. அவருக்கு ஆசை இருக்கிற மாதிரி ஏதாவது ஒண்ணைக் காட்டுங்க."

ஆசை இருக்கிற மாதிரி என்றால் மரம்தான். ஆனால் மரங்களைக் காட்டினாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வெட்ட முடியாதவனுக்கு மரம் எதற்கு என்று நினைத்தாரோ என்னவோ. தொட்டிக்காரர் தண்ணீர் ஊற்றினார், களை பிடுங்கினார், தெரியாத்தனமாக இரண்டு மரங்களைக் கொன்றும் போட்டார்.

ஒரே ஒரு மரம் மட்டும் விதிவிலக்கு. எங்கோ ஒரு பழைய வீட்டை இடித்தபோது, அதன் மதில் இடுக்கிலிருந்து அண்ணன் தோண்டி எடுத்துவந்த ஜூனிப்பர் என்கிற ஊசியிலை மரம். அடிமரம் முறுக்கிக்கொண்டு, பாதி பட்டுப்போய் வெள்ளை எலும்பாக, மறுபாதி செம்பழுப்புப் பட்டையும் அடர்ந்த பச்சையுமாக நிற்கும். கல்யாணமான புதிதில் கொண்டுவந்தது. அன்றுமுதல் அது ஒரு வாய் குறுகிய சாதாரணச் சட்டியிலேயே கிடந்தது. மற்ற மரங்களெல்லாம் தொட்டிக்காரரின் தொட்டிக்கு ஏறின. இதை மட்டும், "அதுக்கு இன்னும் நேரம் வரலடா" என்று அண்ணன் தள்ளிக்கொண்டே போனார். "எனக்குக்கூட இவ்வளவு யோசிச்சுப் புடவை எடுத்ததில்லை" என்பாள் அண்ணி.

அந்த ஜூனிப்பரைப் பார்த்துக்கொண்டு ஒருநாள் காலை அண்ணன் வாயைத் திறந்தார். குழறலாகத்தான், ஆனால் புரியும்படி. "அதுக்கு... தொட்டி பண்ணு."

அண்ணி கையிலிருந்த துணியைக் கீழே போட்டுவிட்டாள். எத்தனை மாதம் கழித்து இந்த மனுஷன் ஒன்று வேண்டும் என்று கேட்கிறார்! இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று கேட்கக்கூடத் தொட்டிக்காரருக்குத் தைரியமில்லை. இல்லை என்றுவிட்டால்? ஓடோடிப் போய்க் கொட்டகையில் ஏப்ரனை மாட்டிக்கொண்டார். திரும்ப ஓடிவந்து, சட்டியின் ஓரத்து மண்ணைக் கிளறி, வேர் எதுவரை போகிறது என்று விரலால் தடவி, ஏப்ரன் பையிலிருந்த கோலை எடுத்து அளந்தார்.

மறுபடியும் சொல்கிறேன், ஏப்ரன் பையிலிருந்த கோல். அண்ணனுடைய இரும்பு டேப் அவருடைய கைக்கடிகாரத்தோடு உள்ளே மேஜை டிராயரில் கிடந்தது.

தன் வாழ்நாளில் அவர் அப்படி ஒரு தொட்டி செய்ததில்லை. மண்ணைப் பலகையாகத் தட்டி, தோல் மாதிரி இறுகும்வரை ஈரத்துணி போட்டு வைத்து, பக்கங்களை வெட்டி ஒட்டினார். மூலைகளில் விரிசல் விடாமல் இருக்க உள்ளே மண்திரி வைத்து நீவினார். தண்ணீர் வடியத் துளை, மரத்தைக் கம்பியால் கட்டச் சின்னத் துளை, கீழே நான்கு கால்கள். கால்களை எவ்வளவு உள்ளே தள்ளினால் அவை இருப்பதே தெரியாது என்று தரையில் குப்புறப் படுத்துப் பார்த்தார். மேல்பூச்சு எதுவும் வேண்டாம், மண்ணின் நிறமே போதும், ஜூனிப்பரின் பட்டையோடு ஒட்டிப்போகிற பழுப்பு. கண்ணில் படக்கூடாது. அது ஒன்றுதான் அவர் எண்ணம். பிளாஸ்டிக் தாளால் மூடி, அவசரப்படாமல் காயவைத்தார். அவசரத்தில் சாகிற தொட்டிகளே அதிகம் என்பது அவருக்குத் தெரியும்.

அண்ணன் தினமும் ஒரு வார்த்தை கேட்டார். "காஞ்சுதா?" இன்னொரு நாள், "கால் வச்சியா?" பந்துப்பெண் பூரித்துப்போனாள்.

சூளை திறக்கிற அன்று அண்ணனை ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டியிருந்தது. அண்ணி கூட்டிக்கொண்டு போனாள். படியிறங்கும்போது அண்ணன் திரும்பி, "நான் வர்றதுக்குள்ள... வச்சிடு" என்றார். மரம் தொட்டியேறுவதைத் தன் கை சும்மா கிடக்கப் பார்க்கிற தெம்பு அவருக்கு இல்லை. ஏறினபின் பார்த்தால் போதும்.

சூளை ஆறிக்கொண்டிருக்கும்போதே தொட்டிக்காரர் மரத்தைத் தயார் செய்யத் தொடங்கினார். வாய் குறுகிய சட்டி, வேர் உள்ளே சுருண்டு இறுகியிருந்தது, இழுத்தால் வராது. சுத்தியலால் சட்டியை உடைத்தார். பழைய மண்ணைக் குச்சியால் கொஞ்சம் கொஞ்சமாகக் கோதி, வேர்களைப் பிரித்து, நனைந்த சாக்கில் சுற்றி வைத்தார். பிறகு சூளையைத் திறந்தார்.

தொட்டி தங்கமாக வந்திருந்தது. ஒரு கீறல் இல்லை, ஒரு கோணல் இல்லை. மேஜைமேல் வைத்து, மரத்தைத் தூக்கி உள்ளே இறக்கினார். இறங்கவில்லை.

திருப்பி வைத்துப் பார்த்தார். சாய்த்துப் பார்த்தார். வேர் நாலு பக்கமும் விளிம்பில் ஏறி உட்கார்ந்துகொண்டது. எப்படி? ஏப்ரன் பையிலிருந்து கோலை உருவினார். மரத்தை அளக்கப் போன கை பாதியில் நின்றது. தப்பு கையிலேயே இருந்தது.

பொய்க்கோலால் மரத்தை அளந்திருக்கிறார். அந்த அளவை அதே பொய்க்கோலால் மண்ணில் வெட்டியிருக்கிறார். ஈரத்தில் மரத்துக்குச் சரியாக இருந்த தொட்டி, வெந்து சுருங்கி, மரத்தைவிட இரண்டு விரற்கடை சின்னதாகிவிட்டது. நேற்று வேலைக்குச் சேர்ந்தவன்கூடச் செய்யமாட்டான். நேற்றுச் சேர்ந்தவனிடம் பொய்க்கோல் இருக்காது. மண்ணிலேயே ஆயுளைக் கழித்து, அண்ணன் குரலுக்கே பழகி, ஒருநாளும் தானாக அளந்திராத ஒருவனால்தான் இந்தத் தப்பைச் செய்ய முடியும்.

எதிர்ச்சுவரில் ஆணியில் ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டி தொங்கியது. துணி ஊறவைக்கிற தொட்டி. அடியில் நாலு ஓட்டை போட்டு, மரத்தை அதில் வைத்து, நிழலில் விட்டுவிட்டுப் புதிதாக ஒன்று செய்யலாம். அண்ணனே அவசரத்துக்கு எத்தனையோ மரத்தை அப்படி வைத்திருக்கிறார். தொட்டிக்காரர் அதைப் பார்த்தார். நன்றாகப் பார்த்தார். பார்த்தபோது அவர் மனசில் ஓடியது இதுதான்: அண்ணன் படியேறி வருவார், இத்தனை வருஷம் காத்திருந்த மரம் துணித் தொட்டியில் நிற்கும், பக்கத்தில் அளவு தப்பிய தொட்டி இருக்கும். நான் இல்லாமல் இவனால் ஒரு மரத்தை அளக்கக்கூட முடியாது, கதை முடிந்தது என்று அந்த முகம் மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிவிடும். பந்து உருண்டு விழும்.

அண்ணனுடைய வேர்க்கத்தரியை எடுத்தார்.

வேர் வெட்டுவது இந்தத் தொழிலில் புதிதல்ல. ஆனால் அண்ணன் வெட்டுவது ஒரு வருஷம் ஒரு பக்கம், மறு பக்கத்துக்கு இரண்டு மூன்று வருஷம் காத்திருப்பு. அதையெல்லாம் தள்ளி நின்று பார்த்தவர்தான் தொட்டிக்காரர், செய்தவர் இல்லை. நாலு பக்கமும் வெட்டினார். இன்னும் உட்காரவில்லை. அடியில் ஒரு தடித்த வேர் மரத்தைத் தூக்கிக்கொண்டு நின்றது. ரம்பத்தை எடுத்தார். அறுக்கும்போது வந்த வாசனை கொட்டகை முழுக்க நின்றது, பென்சில் சீவினால் வருகிற வாசனை. மரம் உட்கார்ந்தது. கம்பி கட்டி, புதுமண் இட்டு, மேலே பாசி பரப்பி, வெட்டிய வேர்களையெல்லாம் சாக்கில் வாரிச் சூளைக்குப் பின்னால் தள்ளியபோது வாசலில் வண்டி வந்து நின்றது.

அண்ணன் பிடித்துக்கொண்டு நடந்து வந்து, மரத்துக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்தார். வெகுநேரம் பார்த்தார். அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. இடது கையை நீட்டி, "கை கழுவணும்" என்று மட்டும் அண்ணியிடம் சொன்னார். மண்ணைத் தொடாத கை.

தொட்டிக்காரர் கொட்டகைக்குள் போய் ஒரு மூலையில் உட்கார்ந்து அழுதார். அது சந்தோஷமா, தப்பித்துக்கொண்ட நிம்மதியா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

மறுநாளிலிருந்து அண்ணன் வேறு ஆள். பந்தைத் தானே கேட்டு வாங்கினார். நெற்றி வியர்க்க அமுக்கினார். பந்து அலுத்ததும், "என் கத்தரியைக் கொடு" என்றார். சின்னக் கிளை வெட்டுகிற கத்தரி, பிடியில் கைரேகைக்குத் தக்கபடி தேய்ந்து போனது. அதை வலது கையில் மாட்டிக்கொண்டு, இடது கையால் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, முதலில் காற்றை வெட்டினார். பிறகு செய்தித்தாளை. பிறகு அண்ணியின் தையல் நூலை. "வீட்டுல ஒரு பொருள் முழுசா இல்லை, பார்த்துக்கோங்க" என்று அண்ணி சலித்துக்கொண்டபோது அவள் முகமெல்லாம் பல். பேச்சும் தெளிந்து வந்தது. "புதுத் துளிர் வரட்டும். முதல் வெட்டு என்னுது. எவனும் கை வைக்கக்கூடாது" என்றார். எவனும் என்றால் தம்பி.

துளிர் வரவில்லை.

இலை உதிர்க்கிற மரமாக இருந்தால் ஒரு வாரத்தில் தொங்கிப்போய்க் காட்டிக்கொடுத்துவிடும். ஜூனிப்பர் அப்படியல்ல. வேர் செத்தபிறகும், உடம்பில் இருக்கிற ஈரத்தை வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் பச்சையாகவே நிற்கும். பார்க்கிறவர்கள் நன்றாக இருக்கிறது என்று தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். தொட்டிக்காரருக்கு முதலில் பட்டது நிறம்தான். பச்சை பச்சையாகவே இருந்தது, ஆனால் அதில் பளபளப்பு இல்லை, தூசி படிந்த மாதிரி. யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, பின்பக்கத்துக் கிளை ஒன்றின் பட்டையை நகத்தால் கீறினார். உள்ளே ஈரப்பச்சை தெரிய வேண்டும். வைக்கோல் நிறம் தெரிந்தது. இன்னொரு கிளை. அதுவும் வைக்கோல். அடிமரத்தில் கீறினார். அங்கேயும் வைக்கோல்.

அந்த மரம் செத்துவிட்டது. அவர்தான் கொன்றார். அதற்குமேல் அதில் பூசி மெழுக ஒன்றுமில்லை.

ஜன்னல் வழியாக அண்ணன் குரல் வந்தது. "டேய், நூலை ஒரே வெட்டுல வெட்டிட்டேன்டா!"

"அப்படியா அண்ணே!" என்றார் தொட்டிக்காரர். குரல் எப்படி வந்தது என்று அவருக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு அவர் செய்ததை ஒரு பந்தயம் என்றுதான் சொல்ல வேண்டும். மரம் பழுப்பதற்குள் கை வந்துவிட வேண்டும். கை வந்தபிறகு என்ன என்பதை அவர் யோசிக்கவில்லை. பழுப்பு தொடங்கிய பக்கத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார். வெயில் பட்டால் பழுப்பு தெரியும் என்று நிழல்வலை கட்டினார். தினமும் காலையில் போய், பழுத்த ஊசிகளை ஒன்றொன்றாகக் கிள்ளி எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"என்ன தம்பி, மரத்துக்குப் பேன் பார்க்கிறீங்களா?" என்று கேட்டுக்கொண்டே டீயோடு வந்தாள் அண்ணி. சிரித்த வாயோடு வந்தவள் அவர் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"அண்ணி, மரம் செத்துப்போச்சு."

"பச்சையாத்தானே இருக்கு?"

"இது செத்தும் பச்சையா இருக்கும் அண்ணி. நான்தான் கொன்னுட்டேன். தொட்டி சின்னதாப் போச்சு. தொட்டிக்காக வேரை அறுத்துட்டேன்."

அண்ணி டீயைச் சுவர்மேல் வைத்தாள். உள்ளே கத்தரி கிளிக் கிளிக் என்று கேட்டுக்கொண்டிருந்தது.

"அவருக்கு இப்போ சொல்லாதீங்க. கை வரட்டும். அந்தப் பொண்ணு இன்னும் கொஞ்ச நாள்தான்னு சொன்னா."

"அப்புறம்?"

"அப்புறம் வர்றதை அப்புறம் பார்ப்போம்." குரல் உடைந்தது. "உங்களைத் திட்டக்கூட எனக்கு இப்போ தெம்பு இல்லை தம்பி." உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். பாத்திரம் எதுவும் கழுவுகிற சத்தம் இல்லை, தண்ணீர் மட்டும் ஓடியது.

அன்றிலிருந்து அவளும் கூட்டு. அண்ணனின் நாற்காலியை இரண்டடி தள்ளிப் போட்டாள். கொசு என்று சொல்லி ஜன்னலில் வலைத்துணி மாட்டினாள். மரத்துக்கு அருகே போக வேண்டும் என்று அவர் எழுந்தால், ஈரம், வழுக்கும் என்று உட்கார வைத்தாள். அவர் எரிந்து விழுந்தார். எரிந்து விழுகிற அளவுக்கு அவருக்கு உயிர் வந்துவிட்டதே என்று சமையலறையில் போய் அழுதாள்.

கை சும்மா இருக்க முடியாமல் தொட்டிக்காரர் இன்னொரு தொட்டி செய்தார். டிராயரிலிருந்து டேப்பை எடுத்து, சாக்குக்குள் காய்ந்து கிடந்த வேர்த்துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்தி வைத்து, அந்த மரம் எவ்வளவு அகலம் கேட்டது என்று அளந்தார். பொய்க்கோலால் வெட்டினார். அது காய்ந்து, வெந்து, துல்லியமாக வந்தது. இவ்வளவுதான் காலம். இது வரும்வரை அந்தத் துணித் தொட்டியில் மரம் சுகமாக இருந்திருக்கும். அண்ணன் இரண்டு நாள் கோபித்துக்கொண்டிருப்பார், மூன்றாம் நாள் திட்டியிருப்பார், திட்டுவதற்காகவாவது எழுந்து வந்திருப்பார். சரியான தொட்டியைச் சாக்கால் மூடி அலமாரியின் அடித்தட்டில் தள்ளினார்.

ஒருமுறை சொல்லிவிடவும் பார்த்தார். "அண்ணே, அந்தத் தொட்டி கொஞ்சம்..." என்று ஆரம்பித்தார். அண்ணன் தலையாட்டிக் கையமர்த்தினார். தொட்டியைப் பற்றிப் பேச்சு கூடாது. கண்ணில் படாத தொட்டி. கோணல் கொஞ்சம் மிச்சமிருந்த வாயால் சிரித்தார். தொட்டிக்காரர் மிச்சத்தை மென்று விழுங்கினார்.

கை வந்தது. ஒரு முற்பகலில் பந்துப்பெண் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, இடது கையின் உதவி இல்லாமல், அண்ணன் கத்தரியைத் தூக்கி, விரித்து, ஒரு துடைப்பக் குச்சியை நறுக்கென்று வெட்டினார். அவள் கைதட்டிக் குதித்தாள்.

"போதும் இந்தக் குச்சி. மரத்தைக் கொண்டு வாடா."

"இன்னும் கொஞ்சம் பலம் வரட்டுமே அண்ணே."

"ஆமாங்க, வெயில் வேற" என்றாள் அண்ணி.

"ஐயோ, சாருக்கு ஆசை வந்திருக்கு, விடுங்க! நான் தூக்கிட்டு வர்றேன்" என்று அந்தப் பெண் ஓடினாள். அவளை எதைச் சொல்லித் தடுப்பது? சின்ன உடம்பில் அத்தனை பலம் எங்கிருந்து வந்ததோ, நிழல்வலையை விலக்கித் தொட்டியோடு தூக்கிவந்து, அண்ணன் முன்னால் இருந்த சுழல்பலகையில் வைத்துவிட்டாள். இரண்டு ஊசிகள் பலகைமேல் உதிர்ந்தன. அவள் கவனிக்கவில்லை.

அண்ணன் கத்தரியைத் தூக்கினார். வருஷக்கணக்காகப் பார்த்து வைத்திருந்த ஒரு நுனியைத் தேடி, அதன் அடியில் கத்தரியின் வாயைக் கொடுத்து அமுக்கினார்.

உயிருள்ள கிளை சத்தமில்லாமல் வெட்டுப்படும். இது டிக் என்று முறிந்தது.

அண்ணன் கை அப்படியே நின்றது. பிறகு இன்னொரு கிளை. டிக். இடது கையால் சுழல்பலகையை மெல்லத் திருப்பினார். சுவரைப் பார்த்தே நின்றிருந்த பக்கம் முழுக்கத் துருப்பிடித்த நிறத்தில் அவர் முன்னால் வந்து நின்றது. அவர் முகத்தில் எதுவும் அசையவில்லை. கத்தரியைக் கீழே வைத்தார். வலது கையை, பாடுபட்டு வரவழைத்த அந்தக் கையை, தொட்டியின் விளிம்பில் வைத்து, விரல்களை விரித்துச் சாண் போட்டார். ஒரு சாண், இன்னொரு சாண், மிச்சத்துக்கு இரண்டு விரல். அளந்து முடித்துவிட்டுத் தம்பியை நிமிர்ந்து பார்த்தார். பார்வையில் கோபம் இருந்திருந்தால் தொட்டிக்காரர் பிழைத்துக்கொண்டிருப்பார்.

"தொட்டி ரொம்ப அழகா இருக்குடா" என்றார் அண்ணன்.

"ஆமா சார்! சூப்பரா இருக்கு!" என்றாள் பந்துப்பெண்.

அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். தொட்டிக்காரர் நின்ற இடத்திலேயே நின்றார். வாழ்நாள் முழுக்க அவர் கேட்டிராத, கேட்டுவிடக் கூடாது என்று பயந்த வார்த்தை அது. அண்ணன் அதைத் திட்டுகிற குரலில் சொல்லவில்லை. உண்மையாகவே பார்த்து, உண்மையாகவே சொன்னார். பார்ப்பதற்கு அங்கே வேறு எதுவும் இல்லை.

பந்துப்பெண் அடுத்த தடவை வந்தபோது அண்ணன் ஜன்னல் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார். அவள் பந்தை அவர் கையில் வைத்தாள்.

"அமுக்குங்க சார். அன்னைக்கு எவ்வளவு நல்லாப் புடிச்சீங்க!"

"எதுக்கும்மா?" என்றார் அண்ணன். சாதாரணமாக, ஒரு சந்தேகம் கேட்கிற மாதிரிதான் கேட்டார். பந்து மடியில் உருண்டு தரையில் விழுந்தது. வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த தொட்டிக்காரர் உள்ளே வந்து அதைக் குனிந்து எடுத்தார்.